வரிசைக்கு ஐந்து குழி

பலகையில் 10 என்று எழுதியிருந்தது.
பத்து என்று வாசித்தேன்.
வகுப்பு சிரித்தது.
தமிழ் மீடியத்திலிருந்து வந்த இன்னும் நாலு பேர்
அரை நொடி தாமதித்துச் சிரித்தார்கள்.
ஒன்று, பூஜ்யம் என்று பிரித்துப் படிக்கணுமாம்.
மதிப்பு இரண்டாம்.
பதிமூணு வருஷமாய் எனக்குப் பத்தாக இருந்தது
ஒரே பீரியடில் இரண்டாகிப் போனது.

மறுநாள் விடிகாலை நாலு மணி.
மோகனூர் ரோட்டுப் பண்ணையில்
முட்டை பிரிக்கிற வேலை எனக்கு.
காலேஜ் பஸ் எட்டேகாலுக்குத்தான்.
விரிசல் ஒரு பக்கம், சிறிசு ஒரு பக்கம்,
மிச்சமெல்லாம் அட்டைக்கு.
அட்டைக்கு ஆறு வரிசை,
வரிசைக்கு ஐந்து குழி.
குழியில் முட்டை இருக்கும்,
அல்லது இருக்காது.
அரை முட்டை என்று யாரும் அடுக்குவதில்லை.
கையில் முட்டையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

வலது ஓரக் குழி ஒன்று.
அதற்கு இந்தப் பக்கம் இரண்டு,
அப்புறம் நாலு, எட்டு,
இடது கடைசிக் குழி பதினாறு.
எல்லாம் ஒரே முட்டைதான், அதே ஐம்பது கிராம்.
உட்கார்ந்த இடத்தைப் பொறுத்து
மரியாதை.
ஐந்தும் நிரம்பினால் எவ்வளவென்று கூட்டினேன்.
முப்பத்தொன்று.

இந்த முப்பத்தொன்றை எங்கேயோ பார்த்திருக்கிறேன்.
உயிர் பன்னிரண்டு, ஆய்தம் ஒன்று, மெய் பதினெட்டு.
இரண்டாயிரம் கோழி கத்திக்கொண்டிருக்க
மறுபடி கூட்டினேன்.
அ என்றால் ஒன்று, க் பதினாலு,
ன் சரியாக முப்பத்தொன்றில் போய் முட்டியது.
வெறும் வரிசை, மூச்சு விடுகிற இடம்.
ஒரு எழுத்து மீதியில்லை, ஒரு குழி பற்றாக்குறையில்லை.

பிரகல்யாவுக்கு மட்டும் சொன்னேன்.
ஷெட்டின் அந்த முனையில்
லாரிக்குக் கணக்கு எழுதுகிறவள்.
லேபில் என் பக்கத்து நாற்காலி;
அறுபது பேருக்கு முப்பது கம்ப்யூட்டர்,
ஒரு மௌஸின் மேல் எங்கள் இரண்டு கை.
புதன்கிழமை அவளுக்கு ஒரு அட்டை தள்ளிவிட்டேன்:

● ○ ● ● ○
○ ○ ○ ○ ●
● ○ ○ ○ ○
○ ○ ○ ● ●

ப், அ, ச், இ.
ஏழு முட்டை போட்டு எழுதிய பசி.
கீழே இரண்டு வரிசை காலி.

இருபது நிமிஷம் ஆனது.
விரல் விட்டு எண்ணியிருப்பாள்.
அட்டை திரும்பி வந்தபோது
காலியாய் விட்ட இடத்தில்

● ● ○ ● ●
○ ○ ○ ● ○

வா.
டிபன் பாக்ஸில் அரிசிம்பருப்புச் சோறு,
நெய் உருகாமல் ஒரு ஓரத்தில்.

கை கழுவிவிட்டு வருவதற்குள்
செங்கோடண்ணன் பார்த்துவிட்டார்.
"ஏனுங் கண்ணு, பன்னெண்டே முட்டையோட
அட்டை சுத்திக்கிட்டு கெடக்குது?
பதினெட்டுக் குழி வெட்டியாவா?"
அந்தப் பதினெட்டும் சேர்ந்துதான் பேசுதுங்கண்ணா
என்று சொல்ல வாயெடுத்தேன்.
நேரமாகிவிட்டது.
அவரே நிரப்பினார்,
ஒவ்வொன்றையும் விளக்கு வெளிச்சத்தில் காட்டிப் பார்த்து.
பசியும் போனது, வாவும் போனது.

கேரளா லாரி ஆறரைக்குக் கிளம்பியது.
கயிறு போட்ட அட்டைகள் ஆளுயரத்துக்கு மேல்,
ஒரு குழி விடாமல்,
வரிசைக்கு வரிசை முப்பத்தொன்று.
பரமத்தி ரோட்டுப் பக்கம் திரும்புகிற வரைக்கும்
நானும் பிரகல்யாவும் அதை வாசித்துக்கொண்டே நின்றோம்,
மேலிருந்து கீழாக,
உதடு பிரியாமல்:
ன் ன் ன் ன் ன் ன்

நவம்பரில் செமஸ்டர்.
இருபத்திரண்டை இரும எண்ணில் எழுதுக. இரண்டு மார்க்.
10110 என்று எழுதி முடிப்பதற்குள்
அரிசிம்பருப்பு வாசம் வந்துவிட்டது.
இரண்டு பெஞ்சு முன்னால்
பிரகல்யாவின் முதுகு
சிரிப்பை அடக்கிக் குலுங்கிக்கொண்டிருந்தது.