காதுக்குறி

அச்சுப்பொறியின் உருளை மாற்றப் போனவன் நான்.
சாண்டோய்த் தீவு. படகை விட்டு இறங்கியதும்
காற்று என் தொப்பியைக் கடலிடம் கொடுத்தது.

ஆட்டுப் பதிவேட்டு அலுவலகம்:
ஒரு மேசை, ஒரு ஸ்கேனர், சுன்வா.
போன மார்கழிப் புயலில் சர்வர் நனைந்து செத்தது.
அன்றிலிருந்து அவள் நம்புவது தாளைத்தான்.

இடக்காதில் நுனி வெட்டு,
வலக்காதின் பின்னால் ஒரு கொத்து,
எந்த ஆடு யாருடையது என்பதெல்லாம்
நானூற்றுச் சொச்சம் பண்ணைகளுக்கும்
கறுப்பு வெள்ளைக் கட்டங்களாகி
முப்பத்தொரு தாளில் அடங்கியிருந்தது.
கூட்டம் கலைவதற்குள் உறைந்துபோன எறும்புகள் மாதிரி.

"பார்" என்று ஒரு தாளில் காப்பியைக் கொட்டினாள்.
மூலையைக் கிழித்து வாயில் போட்டு மென்றாள்.
ஸ்கேனர் திணறி, பிறகு
ஒரு பண்ணை விடாமல் ஒப்பித்தது.
பத்தில் மூன்று பங்கு போனாலும்
மிச்சம் இருப்பது போனதைச் சொல்லிவிடுமாம்.

புள்ளி குத்தினால் ஓலை கிழியுமென்று
புள்ளியே வைக்காமல் எழுதி,
பல் எது பல எது, நீயே கண்டுபிடி
என்று விட்டுப்போனவர்களின் மொழி என்னுடையது.
இங்கே தாள் முழுக்கப் புள்ளி.
அவளிடம் இதைச் சொல்ல நினைத்தேன்.
டேனிஷ் எனக்குப் பாதிதான் வரும்;
அந்த மிச்சம் எதையும் சொல்லித் தரவில்லை.

மதியம் எய்யுன் வந்தார், நனைந்த நாய் வாடையோடு.
பைக்குள் ஒரு காது.
அண்டங்காக்கை கொத்தியது போக இருந்தது.
பக்கத்துப் பண்ணைக்காரர் தன் ஆடு என்கிறாராம்.
"இன்னொரு காது?"
"பாறைக்குக் கீழே."

விளக்கருகே பிடித்துப் பார்த்தாள்.
அரைக் கொத்து. அதற்கு மேல்
ஒரு வெட்டின் தொடக்கம் மட்டும்.
பதினேழாம் தாளை எடுத்தாள்.
நெடுநேரம் கழித்து,
"உங்களுடையது இல்லை" என்றாள்.

அவர் வாதாடவில்லை.
இடுப்புக் கத்தியை உருவி
அதே தாளின் விளிம்பில், கறுப்புக்குள்ளேயே,
தன் குறியை வெட்டினார். நிதானமாக,
ஆடு வலியில் துள்ளுமோ என்பதுபோல
மறுகையால் தாளை அமுக்கிக்கொண்டு.
"இதாவது என்னுடையதாக இருக்கட்டும்."

சுன்வா தாளைத் திரும்ப ஸ்கேனரில் வைத்தாள்.
நான் கையில் உருளையோடு நின்றேன்.
கொஞ்சம் தாமதம்.
பிறகு பதினேழாம் தாளின் பண்ணைகள் எல்லாம் வந்தன,
அவருடையதும்,
பக்கத்துப் பண்ணைக்காரருடையதும்.

எய்யுன் காதைத் துடைத்துப் பைக்குள் போட்டார்.
வழியில் கொடுத்துவிட்டுப் போக வேண்டுமே.