பக்கம் நாற்பத்தொன்று

மஞ்சக்குப்பத்தில் மூன்று நாள் பயிற்சி.
அவரவர் பள்ளித் தண்ணீரை ஒரு பாட்டிலில்
கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.
பண்ருட்டிக்காரர் மறந்துவிட்டு
பஸ் ஸ்டாண்டில் இருபது ரூபாய்க்கு வாங்கி வந்தார்.
அதுவும் வரிசையில் நின்றது,
லேபிளோடு.

'குழாய்நீரில் விளக்கு எரியாது.
உப்பிட்டால் எரியும்.'
பதினோரு வருஷமாக நான் கரும்பலகையில் எழுதுவது.
செய்து காட்டியதில்லை.
பேட்டரி ஸ்டோர் ரூமில் இருக்கும்,
சாவி ஹெச்.எம்மிடம்.

ஆய்வுக்கு வந்த ஷகிலாபானு
நானூறு விடைத்தாள் படித்திருந்தார்.
பெயர்களை மறைத்து,
நாங்கள் தப்பென்று அடித்தவற்றை மட்டும்
திரையில் போட்டார்.
'எரியும்' என்றெழுதிச் சுழி வாங்கியவை முப்பத்தேழு.
"இதில் முப்பத்தொன்று கடலோரப் பள்ளிகள்."
அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

'எங்கள் குழாயில் எரியும்'
என்றது ஒரு தாள்.
ழகரத்தின் வாலைச் சுருட்டி
அடுத்த வரிவரை இழுத்துவிடுவது
பூவிழி.
சோனாங்குப்பம், ஏழாம் வகுப்பு, இரண்டாம் பெஞ்ச்.
சுழி என்னுடையது.

ஒன்பது வோல்ட் பேட்டரி, இரண்டு பென்சில் கரி,
பழைய சீரியல் செட்டில் வெட்டிய ஒரு சிவப்பு எல்.இ.டி.
விலைக்கு வாங்கிய தண்ணீரில் இருட்டு.
நெல்லிக்குப்பத்தில், கையைக் குவித்துப் பார்த்தால்
ஒரு பொட்டு.
கிள்ளையில் பீடி முனை அளவு.
என் பாட்டிலில்
ஒரு கல் உப்புப் போடாமலே எரிந்தது.
"சார், முன்னாடியே கலந்துட்டீங்களா?"
நான் கலக்கவில்லை.
நாங்கள் குடிக்கிற ஆழம்வரை
கடல் வந்திருக்கிறது.

மூன்றாம் நாள் வாக்கியத்தைத் திருத்த உட்கார்ந்தோம்.
சண்டை மதியச் சாப்பாட்டைத் தாண்டிப் போனது.
"ஊருக்கொரு விடை என்றால் எப்படி மார்க் போடுவது?"
வடலூர் மரியசெல்வம் டீச்சர் கேட்டது நியாயம்தான்.
பதில் இன்னும் யாரிடமும் இல்லை.
கடைசியில் நின்றது இது:
'உங்கள் பள்ளித் தண்ணீரில் விளக்கு எரிகிறதா?
செய்து பார்த்து எழுதவும்.'
கீழே நான்கு கோடு.
அச்சுச் செலவென்று இரண்டாக்கினார்கள்.

திங்கட்கிழமை அந்த விடைத்தாளைத் தேடினேன்.
எடைக்குப் போயிருந்தது.
எட்டாம் வகுப்பு வராண்டாவில் அவளை நிறுத்தி,
"போன வருஷம் நீ எழுதியதுதான் சரி" என்றேன்.

"எது சார்?" என்றாள்.