உறவு என்றொரு கட்டம்

படிவத்தில் ஒரு கட்டம்:
அழைத்து வந்தவர் உங்களுக்கு என்ன உறவு?
ஹிலரி பேனாவைக் கடித்தபடி என்னைப் பார்த்தாள்.
ஓட்டுநர் என்று எழுதிவிடேன், என்றேன்.

இருபத்து மூன்று வருடங்களுக்கு முன்
கம்ப்ரியாவில், ஒரு மார்ச் மாத வியாழக்கிழமை
என் முற்றத்தில் வெள்ளை உடுப்போடு நின்று
நானூற்றுப் பன்னிரண்டு ஆடுகளைக் கொன்றவள் இவள்.
குட்டிகளை வேறு தாளில் எண்ணினார்கள்.

நோய் என் மந்தையில் இல்லை.
பக்கத்துப் பண்ணையில்.
யாரோ வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டார்கள்,
வட்டத்துக்குள் என் வேலி.
ஒவ்வொன்றாய்ப் பிடித்துக் கொடுத்தது நான்தான்.

நர்ஸ் எடை கேட்டாள்.
அறுபத்தொன்று, என்ற ஹிலரி
அதே மூச்சில் மருந்தின் அளவையும் சொன்னாள்:
கிலோவுக்கு அரை மில்லிகிராம் என்றால்
முப்பதரை வருமே.
முன்பே எடுத்திருக்கிறீர்களா?
கொடுத்திருக்கிறேன். குதிரைகளுக்கு.
காயடிக்கும்போது, தையல் போடும்போது.
கெட்டமின் ஏறினால் குதிரை சாய்ந்துவிடும்,
கண் மட்டும் திறந்தே இருக்கும்.
அது எங்கே போயிருக்கிறது என்று
ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

கதவு மூடியது.
கண்பட்டை, போர்வை, சொட்டு சொட்டாய் நாற்பது நிமிடம்.
எனக்குப் படகுகள் பற்றிய பழைய இதழ் ஒன்று.
படகைப் பற்றி எனக்கென்ன தெரியும்?

எங்கள் மலையில் வேலி கிடையாது.
தாய் மேய்ந்த சரிவில்தான் குட்டி மேயும்,
குட்டியின் குட்டியும்.
கட்டவும் வேண்டாம், விரட்டவும் வேண்டாம்.
எல்லாம் போனபின் நான் வாங்கி வந்த ஆடுகளுக்கு
மலை தெரியவில்லை.
சாலையில் இறங்கின, அடுத்தவன் புல்லுக்குப் போயின.
இரண்டு கோடை மேலேயே கிடந்து
நாயும் கம்புமாய்
இது உன் இடம், இது உன் இடம் என்று
சொல்லிக்கொடுத்தேன்.

ஹிலரிக்கோ யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.
என் முற்றத்திலேயே மேய்ந்துகொண்டிருந்தாள்
கல்யாணம் முறிந்தபோதும்,
மருத்துவமனையை விற்றபோதும்.

போன நவம்பரில், மழையில்,
என் கேட்டுக்கு வெளியே அவள் கார்.
விளக்கு எரியவில்லை. மடியில் பழைய மருத்துவப் பை.
உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை.
தேநீர் குடிக்கிறாயா என்று கேட்டேன்.
பால் தீர்ந்திருந்தது. கறுப்பாகவே குடித்தோம்,
ஒரு வார்த்தை பேசாமல், விடியும் வரை.
பையை என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.
அவள் தடுக்கவில்லை.

இது நான்காவது தடவை.
முதல் தடவை ஒன்றுமே இல்லை, காசுக்குக் கேடு என்றாள்.
இரண்டாவது தடவை வழியெல்லாம் வாந்தி.
மூன்றாவதற்குப் பிறகு ஒன்பது நாள் தூங்கினாள்,
ராத்திரிகளில், மனிதர்கள் தூங்குவதுபோல்.
பத்தாம் நாள் பழையபடி.
குதிரை வண்டியை விற்ற பணம்
ஆறு தடவைக்குத்தான் வரும்.

வெளியே வந்தாள்.
கால் நிலைகொள்ளவில்லை, என் கையைப் பிடித்தாள்.
இன்று முழுக்க ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று
நர்ஸ் என்னிடம் சொன்னாள், அவளிடம் சொல்லாமல்.

கார் நகரம் தாண்டும்வரை மௌனம்.
பிறகு:
ஜாஸ், உன் முற்றம் வந்தது.
யாரோ ஹோஸ்பைப்பில் கழுவிக்கொண்டிருந்தார்கள்.
தண்ணீர் தண்ணீராகவே ஓடியது.
நான் எங்கோ மேலே, ஓட்டுக்கூரை உயரத்தில்.
எனக்குக் கைகளே இல்லை.

நல்லதா, கெட்டதா?
தெரியவில்லை. பசிக்கிறது.

சிப்ஸ் வாங்கினோம். வினிகர் அதிகம்.
கண்ணாடியில் ஆவி படிய,
விரலை நக்கிக்கொண்டே கேட்டாள்:
கடைசியில் நின்றதே ஒன்று,
ஒரு காது கிழிந்தது,
என் கையை முகர்ந்து பார்த்தது,
அதற்குப் பெயர் இருந்ததா?

இத்தனை வருடத்தில்
அவளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

இருந்தது, என்றேன்.
ஏற்றம் வந்தது. கியரைக் குறைத்தேன்.
அவள் காத்திருந்தாள்.