எச்சில் மாதிரி

ஆறு குப்பிகள் கொடுத்திருந்தேன்.
விழித்ததும், அரை மணி கழித்து, படுக்கும் முன்:
இரண்டு நாளைக்கு.
பெயர் வேண்டாம். எண் போதும், வா-17.

வாடிப்பட்டி மின்வாரிய வயர்மேன்
ஐந்தை நிரப்பித் தந்தார்.
தோசைமாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாராம்,
ஒரு மூடியில் மாவு காய்ந்திருந்தது.
ஆறாவது காலி.

"விழிச்சதும்னு எழுதிருக்கீக.
அன்னைக்கு ராத்திரி சூறக்காத்து,
குட்லாடம்பட்டி ரோட்டுல மூணு போஸ்ட் சாஞ்சு கெடந்துச்சு.
தூங்குனாத்தான முழிக்க?"

'மாதிரி இல்லை' என்று கட்டத்தில் குறித்துவிட்டு
அடுத்த கேள்வியைப் படித்தேன்.
கடந்த மாதத்தில் எத்தனை முறை
எதுவும் உங்கள் கையில் இல்லை என உணர்ந்தீர்கள்?
ஒருபோதும் இல்லை. எப்போதாவது. அடிக்கடி.

மேசைமேல் கிடந்த கையுறையைப் பார்த்தார்.
வலது மட்டும். இடது போன பங்குனியிலேயே கிழிந்துவிட்டது.

"லைன் ஆஃப்புனு போன்ல சொல்லுவாக.
நம்பித்தான் கைய வைக்கிறது.
வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு நொடி
வாய் வறண்டுரும் பாருங்க,
துப்பக்கூட இருக்காது.
அந்நேரத்து எச்சிலுக்கு
நான் எங்கிட்டுப் போக?"

இரவு கணினியில்
'மாதிரி இல்லை'யை அழித்து
'வறண்டது' என்று அடித்தேன்.
ஏற்கவில்லை.
எண்களை மட்டும் உள்ளிடவும் என்றது.