கல்குழி

பங்குனியில் ஆறு எலும்பாகிவிடும்.
ஒகேனக்கல்லில் பரிசல்கள் கவிழ்ந்து கிடக்கும்,
அடியில் நாய் குட்டி போட்டிருக்கும்.
மீன் வறுக்கும் கோவிந்தி
ஓசூர்ப் பக்கம் ரோஜா பறிக்கப் போவாள்,
முள் கிழித்த விரல்களோடு
ஆடிப்பெருக்குக்குத் திரும்புவாள்.

நான் போவதில்லை.
எட்டு மாதம் ஊரார் முதுகில் எண்ணெய் தேய்த்த கை
நாலு மாதம் பாறையைத் தடவும்.
நீர் வற்றிய கல்குழிக்குள் தோள்வரை விட்டால்
ஒற்றைக் கொலுசு,
ஒரு பல்செட்,
சேலத்துக்காரர் யாரோ அழுதுகொண்டே தேடிய மோதிரம்.
தீர்த்தகிரிக்கு ஒருமுறை தாலிக்குண்டு கிடைத்தது.
மூன்று நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.
நாலாம் நாள் பென்னாகரம் போய் விற்றான்.

போன வருஷம் வரைபடத்தோடு வந்தார்கள்.
இனி முந்நூற்று அறுபத்தைந்து நாளும் சீசன் என்றார்கள்.
மோட்டார் வைத்து மேலேற்றி
மறுபடி விழவைக்கும் அருவி,
கண்ணாடிப் பாலம்,
ராத்திரிக்கு நீல விளக்கு.
எனக்கு ஏசி அறை, சீருடை, மாதச் சம்பளம்.
கோவிந்திக்கு எண் போட்ட கடை.
நல்லதுதானே.
கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

இந்தப் பங்குனியில் ஒருவர்
குப்புறப் படுத்தபடி கேட்டார்:
"சீசன் எப்பப்பா முடியும்?"
"முடியாதுங்க சார்."

சன்னலுக்கு வெளியே
மோட்டார்த் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.
அதற்கு அடியில், ஏதோ ஒரு குழியில்,
என் டிரங்குப் பெட்டியிலிருக்கும் கொலுசுக்கு
ஜோடி.

"கை ஏன் நின்னுடுச்சு," என்றார்.
"அழுத்திப் பிடி."