வல்லினம் முதலில்

கேட்டால் பட்டனை அழுத்துங்கள்,
சந்தேகமாக இருந்தாலும் அழுத்துங்கள் என்று சொல்லி
கனத்த கதவைச் சாத்துகிறேன்.
உள்ளே சக்ரன் படையாச்சி, ஐம்பத்து மூன்று,
டர்பன் துறைமுகத்தில் பாய்லர்மேக்கர்.
கல்யாணத்துக்கு வந்தவர்போலச் சட்டையை உள்ளே விட்டிருக்கிறார்.

ஒலி ஒன்றும் பறந்து வருவதில்லை.
சாட்ஸ்வர்த் டாக்ஸியில் பின் சீட்டிலிருந்து
கைமாறிக் கைமாறிப் போகுமே காசு,
யாரும் எழுந்திருப்பதில்லை, டிரைவரிடம் சேர்ந்துவிடும்.
காற்றும் அப்படித்தான்.
பக்கத்திலிருப்பதை ஒரு இடி இடித்துவிட்டு
பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொள்கிறது.

செவிப்பறையில் விழுந்ததை வாங்கிக்கொடுக்க
சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று எலும்பு.
கடைசி எலும்பு அரிசி நீளம்கூட இல்லை.
"சுத்தி பட்டடையா? அங்கேயும் ஷிப்ட்தானா?"
போன வருஷம் சிரித்தார்.

அதற்கப்பால் நத்தைச்சுருள்,
நீருக்குள் நிற்கும் மயிர்க்கலங்கள்.
கீச்சென்றவை வாசலில், கனத்தவை உள் அறையில்.
எது வந்தாலும் வாசலை மிதித்துத்தான் வருகிறது.

ஐநூறு, அழுத்துகிறார். ஆயிரம், அழுத்துகிறார்.
நாலாயிரத்தில் ஏற்றிக்கொண்டே போகிறேன்.
நாற்பது. ஐம்பது. அறுபது டெசிபல்.
முகத்தைத் தாளுக்குள் வைத்துக்கொள்கிறேன்.
கோடு பள்ளத்தில் இறங்குகிறது.

க ச ட த ப ற.
சனிக்கிழமை வகுப்பில் படித்தபோது
இவற்றை அடித்தாலும் சாகாது என்று நினைத்திருந்தேன்.
இவைதான் முதலில் போகின்றன.
ங ஞ ண ந ம ன
நெடுநாள் தாக்குப்பிடிக்கும்.
வீட்டில் கோகிலா
"சாப்பிட்டாச்சா" என்றால் அவருக்கு
ஆ இ ஆ ஆ.
உயிர் வந்து சேர்கிறது,
மெய் பாதி வழியில் இறங்கிக்கொள்கிறது.

அப்போது என் மேசையில் விளக்கு எரிகிறது.
நான் எதையும் அனுப்பவில்லை.
அணையவும் இல்லை.
வேலைக்காக ஏமாற்றுகிறவர்களைத் தெரியும்,
தாளம் பிடித்து விட்டுவிட்டு அழுத்துவார்கள்.
இவர் கட்டைவிரலை எடுக்கவே இல்லை.

கதவைத் திறக்கிறேன்.
"இது ஒன்றுதான் சுத்தமாகக் கேட்கிறது" என்கிறார்,
"கெட்டில் கொதிக்குமுன் வருமே, அதுபோல.
ராத்திரியிலும் இருக்கிறது.
நீங்கள் போட்டதுதானே?"

கூரைமேல் ஹடீடா கத்துகிறது. இருவருமே அண்ணாந்து பார்க்கிறோம்.

தாளில் வலக் காதுக்கு வட்டம்,
இடக் காதுக்குப் பெருக்கல் குறி.
யாரும் கொடுக்காத சில்லறை
டிரைவர் கையில் விழுந்துகொண்டே இருந்தால்
அதற்கு என்ன போட?

"இல்லை" என்றேன்.
வல்லினமே இல்லாத சொல்.
முழுசாகக் கேட்டது அவருக்கு.