பத்தும் இருபத்தொன்றும்

ஹூசவீக் துறைமுகத்தில்
மீன் ஏலம் ஒன்றரை நொடி பிந்துகிறது.
விலை மேலிருந்து இறங்கும் ஏலம் அது;
முதலில் பொத்தானை அழுத்தியவனுக்கே பெட்டி.
ஒன்றரை நொடிக்குள்
ஹாடக் கிலோவுக்கு முப்பது குரோனா சரிந்துவிடும்.

ஸ்டைன்வோருக்கு இது மூன்றாம் இரவு.
வட்டைப் பார்த்தாள், வலையமைப்பைப் பார்த்தாள்,
என்மேல் பிழையில்லை என்றன இரண்டும்.
கோர்கள் பன்னிரண்டும் மாடாய் உழைப்பதாக
வரைபடம் சிவக்கிறது.
"இன்னும் நாலு போடு" என்கிறான் ஹ்யால்டி.
போன மாதமும் அதைத்தான் சொன்னான்.
எட்டு பன்னிரண்டானது அப்படித்தான்.

பன்னிரண்டு.
அடியில் கிடக்கும் இரும்புக்கோ
சாக்கெட் இரண்டு, ஒன்றுக்கு எட்டு.
எட்டில் அடங்காத நாலும்
அக்கரையில் குடியேறியிருக்கின்றன.
நினைவகம் பெரும்பாலும் இக்கரையில்.
ஒவ்வொரு எண்ணுக்கும் பாலம் தாண்டி வந்து
வாங்கிக்கொண்டு திரும்புகின்றன.
காத்து நிற்பதையும் உழைப்பென்றே
கணக்கெழுதும் வரைபடம்.

தூர அட்டவணையைத் திறந்தாள்.
தன் கரைக்கு: பத்து.
எதிர்க் கரைக்கு: இருபத்தொன்று.
தனக்குத் தானேகூடப் பூஜ்யம் இல்லை.
இரண்டு தரம் படித்தாள்.
வெளியே உப்பு தூவும் வண்டி
தெருவை உரசிப் போனது.

சரி, உள்ளிருப்பதற்கு இது ஏன் தெரியவில்லை?
கரை இரண்டென்று சொல்லியிருந்தால்
சாமான்களைப் பிரித்து வைத்துக்கொண்டிருக்குமே.
அமைப்புப் பக்கத்தின் அடியோரம்
ஒரு சின்னச் சதுரம், சரி போட்டது:
ஓடும்போதே கோர் சேர்க்க அனுமதி.
அதைப் போட்டுவிட்டால்
உள்ளே போகும் சேதி ஒன்றுதான்:
ஒரே வீடு, நடுவில் சுவரில்லை.

மாற்றக் குறிப்பில் பெயர் தேடினாள்.
யாராக இருக்குமென்று
பாதி தெரிந்தேதான் தேடினாள்.
ஸ்டைன்வோர், தேதியோடு.
ஹ்யால்டி மறுபடி கேட்பான்,
அணைக்காமலே கொடுத்துவிடலாம் என்று
அன்றைக்குத் தோன்றிய புத்தி.

நாலே கால். அணைத்தாள்.
சதுரத்தை வெறுமையாக்கினாள்.
பன்னிரண்டை அழித்து எட்டு என்று அடித்தாள்.
குறைத்தேன் என்றால் ஹ்யால்டி குதிப்பான்;
'சரிசெய்தேன்' என்று மட்டும் எழுதினாள்.

மதியம் ஒரு மணி.
முதல் பெட்டி காட். விலை இறங்குகிறது.
அகுரேரியில் எவனோ அழுத்துகிறான்;
அழுத்திய இடத்திலேயே நிற்கிறது.
அவனுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை,
லாரிக்காரனைக் கூப்பிடப் போய்விட்டான்.

ஸ்டைன்வோர் இன்னும் அட்டவணையை மூடவில்லை.
பத்து, இருபத்தொன்று.
இருபத்தொன்று, பத்து.
எதிர்க் கரை தொலைவென்பது புரிகிறது.
அந்தப் பத்துதான் உறுத்துகிறது.